அஞ்சு பச்சை

"இது நான் சொன்ன கலரு இல்ல" என்று ஆண்டியப்பன் சுவரைப் பார்த்துச் சொன்னபோது, மீனம்மாவுக்குக் கையிலிருந்த சுடுதண்ணிக் கேத்தலை எங்கேயாவது விட்டெறியலாம் போல வந்தது. எறியவில்லை. வீட்டில் கேத்தல் ஒன்றுதான் இருந்தது.

"நீங்க சொன்னதுதாங்க. நேத்து இதே எடத்துல நின்னு, வெரல வச்சுக் காட்டுனீங்க. ரெண்டாம் நம்பருன்னு."

"ரெண்டுன்னுதான் சொன்னேன். இது ரெண்டு இல்ல."

"டின்னு மூடியில ரெண்டுன்னு எழுதிருக்கு."

"எழுதுனவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

ஸ்டூல் மேல் நின்று பிரஷ்ஷைப் பிடித்திருந்த சுதாகரன், மீனம்மாவின் தம்பி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா, மச்சான்கிட்ட கேளு. மூணாவதா எந்த டின்ன வாங்கணும்னு இப்பவே சொல்லச் சொல்லு. மழையில அட்டனுக்கும் இங்கைக்கும் நடந்தே என் செருப்பு தேஞ்சு போச்சு."

"மீனா, ஒன் தம்பிக்கிட்ட சொல்லு. ஒழுங்கா பாத்து வாங்குனா ஒரு தடவ போனாப் போதும்."

இரண்டு பேருக்கும் நடுவில் ஆறு அடிகூட இல்லை. இருந்தும் ஒவ்வொரு பேச்சும் மீனம்மாவின் தலை வழியாகத்தான் போய்வந்தது. பதினைந்து நாளாக இதே கூத்து. அவள் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, "என்னைய என்னா டெலிபோன் கம்பின்னு நெனச்சீங்களா ரெண்டு பேரும்?" என்று கத்தினாள். வெளியே ஆனி மாதத்து மழை எட்டாவது நாளாகத் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

டிக்கோயாவுக்கு மேலே உள்ள தோட்டம் அது. மேற்பிரிவு லயத்து வரிசையில் கடைசி வீடு அவர்களுடையது. முன்பக்கம் அடைத்துக் கட்டிய சின்ன அறைக்குத்தான் இத்தனை பாடு. மகள் தனுஷிகா மூன்று வருடம் அட்டன் டவுனில் மணப்பெண் அலங்காரக் கடையில் நின்று தொழில் பழகிவிட்டு, இப்போது சொந்தமாக ஆரம்பிக்கப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் மணப்பெண் வருகிறாள். அலங்காரம் முடிந்ததும் பெண்ணை நிறுத்திப் படம் எடுக்கச் சுவர் வேண்டும். இருட்டுப் பச்சையும் சாம்பலும் கலந்த நிறம் பின்னால் இருந்தால்தான் நகையும் கூறைச்சேலையும் எடுப்பாகத் தெரியுமாம். போனில் நூறு படம் காட்டினாள்.

முதல் படத்தைப் பார்த்ததுமே மீனம்மா சொல்லிவிட்டாள். "இது பாசி புடிச்ச செவுரு மாதிரி இருக்குடி. வருசா வருசம் செவுத்துல பாசியத் தேச்சுத் தேச்சு எம்பாதி உசுரு போயிருச்சு. நீ அதையே டின்னுல வாங்கியாந்து பூசப்போறியா?"

"அம்மா, இப்ப இதுதான் எல்லாரும் கேக்குறாங்க."

"எல்லாரும் லயத்துல இருந்து பாக்கட்டும், அப்பறம் கேக்கட்டும்."

ஆனாலும் விட்டுக்கொடுத்தாள். மகள் கேட்டு அவள் மறுத்தது குறைவு.

பெயின்ட் கடை முனாப் நானா நல்ல மனிதர். அவருடைய மகள் முனீராவின் கல்யாணத்துக்குத் தனுஷிகாதான் அலங்காரம் செய்தாள். அந்தப் பிரியத்தில் ஐந்து நிறத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஐந்து யோகட் கோப்பையில் ஊற்றி, ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போதே அவருக்கும் பொறுமை போய்விட்டது. "மகள், முப்பது வருசமா கட வச்சிருக்கேன். எனக்கு இதெல்லாம் ஒண்டு போலதான் ஈக்கி. நீங்க வீட்ட கொண்டு போய் பூசிப் பாருங்க. கடையில நிண்டு பாத்தா மஃரிப் தொழுகைக்கும் முடியாது."

திங்கட்கிழமை பக்கச் சுவரில் ஐந்து கட்டம் பூசினார்கள். ஒன்று கொஞ்சம் பச்சை தூக்கல். இரண்டு வெளிர். மூன்று நடுவாந்தரம். நாலு நல்ல இருட்டு. ஐந்தில் சாம்பல்தான் அதிகம். அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். தனியாகப் பார்த்தால் எல்லாம் மழைக்காலத்து மலைதான்.

அங்கேதான் ஆண்டியப்பன் நுழைந்தார். "பச்சையில எனக்குத் தெரியாததா?" என்றார். அந்தக் கேள்வியை அந்தத் தோட்டத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். இருபத்தெட்டு வருடமாக ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. பறித்துவந்த கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பிக் காற்று விடுவார்கள். பளபளவென்று இருக்கும் பச்சை மெல்ல மங்கி, சாம்பல் ஏறி, ஒரு கட்டத்துக்கு வரும். அந்தக் கட்டத்தில் "எறக்கு" என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னால் கொழுந்து கீழே உருட்டும் மிஷினுக்கு இறங்கும். ஒரு மணி நேரம் முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. வெயில் காலமென்றால் கையால் அள்ளிப் பிடித்தே சொல்லிவிடலாம். மழைக்காலத்துக் கொழுந்து கையை ஏமாற்றும். அப்போது கண்தான். ஆண்டியப்பன் கண்ணை நம்பித்தான் அந்த ஸ்டோர் ஓடுகிறது என்று ஸ்டோரை நடத்தும் டீமேக்கரே சொல்லியிருக்கிறார். ஆண்டியப்பன் அதை வருடத்துக்கு நாற்பது தடவை வீட்டில் ஞாபகப்படுத்துவார்.

அந்த மாடியில்தான் வம்பும் நடந்தது. சுதாகரனும் அங்கேதான் அவருக்குக் கீழே வேலை. பதினைந்து நாளுக்கு முன்னால் நாலாம் தொட்டிக் கொழுந்து வாடுவதற்கு முன்பே இறங்கிவிட்டது. அத்தனை தேயிலையும் வீண். "மச்சான் எறக்கச் சொன்னாரு, எறக்குனேன்" என்றான் சுதாகரன். "நான் மூணாம் தொட்டியச் சொன்னேன், அவன் நால எறக்கிட்டான்" என்றார் ஆண்டியப்பன். இருபத்தெட்டு வருடக் கண்ணா, நாலு வருடக் கையா என்று வந்தால் தோட்டத்து மேனேஜர் துரை யாரை நம்புவார்? சுதாகரனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். வெள்ளிக்கிழமை ஆபீசில் விசாரணை. அன்றும் ஆண்டியப்பன் அதையே சொன்னால் அவனுடைய ஸ்டோர் வேலை போய்விடும். சுதாகரனின் மனைவி லோஜினிக்கு இது ஏழாம் மாதம்.

சும்மா இருக்கிற தம்பிக்குக் கைவேலை கொடுத்த மாதிரியும் இருக்கும், இரண்டு பேரையும் ஒரே கூரைக்குள் வைத்தால் சமாதானமும் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டு மீனம்மாதான் அவனைப் பெயின்ட் அடிக்கக் கூப்பிட்டாள். அந்தக் கணக்கை நினைத்து இப்போது தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தனுஷிகாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆண்டியப்பன் நாலாம் நம்பரைக் காட்டினார். செவ்வாய்க்கிழமை சுதாகரன் நாலை வாங்கிவந்து சுவர் முழுக்க அடித்தான். மழை ஈரத்தில் காயவில்லை. தனுஷிகாவின் தலைமுடி காய வைக்கும் மிஷினைப் பிடித்து இரண்டு மணி நேரம் சுவருக்குச் சூடு காட்டினான். கரண்ட் பில்லை நினைத்து மீனம்மாவுக்கு வயிறு எரிந்தது. சாயந்தரம் தனுஷிகா வந்து பார்த்து முகம் வாடிப்போனாள். சின்னக் கட்டத்தில் நன்றாக இருந்தது, பெரிய சுவரில் கறுப்பாகத் தெரிந்தது. பின்னாலேயே வேலை விட்டு வந்த ஆண்டியப்பன் "இது நான் சொன்னது இல்ல" என்றார். மீனம்மா சலித்துப்போய், "சரி, எதுதான்னு சொல்லித் தொலைங்க" என்று பக்கத்தில் போய் நின்றாள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து இரண்டைக் காட்டினார். புதன்கிழமை, இன்று, அந்த இரண்டாம் நம்பரும் இல்லையாம். தனுஷிகா வந்து பார்த்து ஒரு பெருமூச்சு விட்டதுதான் தாமதம், அவரும் இல்லை என்றுவிட்டார்.

"ஒரு ஆம்பள, ஒரு செவுரு, மூணு நாளு" என்று மீனம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி தன்பாட்டில் சொன்னாள். "இதுல துரைமாரு இவர நம்பி முழு ஸ்டோரையும் விட்டிருக்காங்க."

வியாழக்கிழமை கொழுந்து எடுக்கிற அவளுக்கும் ஆண்டியப்பனுக்கும் அரை நாள் வேலை. மத்தியானம் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு ஆண்டியப்பன் அறைக்குள் வந்தார். தனுஷிகா டவுனுக்குப் போயிருந்தாள். சுதாகரன் புத்தி வந்தவனாக, முழுச் சுவரையும் அடிக்காமல், எதிர்ச் சுவரில் இரண்டு முழ அகலத்துக்கு ஒன்றாம் நம்பரையும் அதை ஒட்டி ஐந்தாம் நம்பரையும் அடித்துவைத்திருந்தான். இருப்பதிலேயே தள்ளி நிற்கிற நிறங்கள் அவை இரண்டும்தான். ஒன்று தெளிவாகப் பச்சை, மற்றது அடுப்புச் சாம்பலுக்குப் பக்கம்.

சுவரைப் பார்த்தபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டான். "அக்கா, மொதல்ல பச்சப் பக்கமா சாம்பல் பக்கமான்னு சொல்லச் சொல்லு. அப்பறம் நம்பரப் பாப்போம்."

மீனம்மா இந்தத் தடவை தூது போகவில்லை. தலையைத் துணியால் சுற்றி, வாயையும் மூக்கையும் பெயின்ட் நாற்றத்துக்குப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றாள். ஆண்டியப்பன் ஒரு தடவை அவளைத் திரும்பிப் பார்த்தார். சுதாகரன் பக்கம் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"என்னா வெளாட்டு இது?" என்றார் திடீரென்று. "ஒரே டின்ன ரெண்டு பக்கமும் அடிச்சு வச்சுட்டு எதுன்னு கேக்குறான்? என்னையப் பைத்தியக்காரன்னு நெனச்சிட்டானா? ரெண்டும் ஒண்ணுதான்! இவன் புத்தியே இப்புடித்தான். ஸ்டோருலயும் இதான் செஞ்சான். நாளைக்கு தொரகிட்ட இதையும் சேத்துச் சொல்றேன்!"

சுதாகரன் பிரஷ்ஷோடு திரும்பினான். பதினைந்து நாளில் முதல் தடவையாக மச்சானை நேராகப் பார்த்தான். மீனம்மா முகத்துத் துணியை இறக்கினாள். பச்சையும் சாம்பலும் பக்கத்துப் பக்கத்தில் பளிச்சென்று இருந்தன. பால் குடிக்கிற பிள்ளைகூடக் காட்டும்.

அவர்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் நின்றதில்தான் ஆண்டியப்பனுக்கு விளங்கியது. குடையை எடுக்காமலே வெளியே போய்விட்டார்.

மீனம்மா குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். லயத்துக்குக் கீழே பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை.

"எத்தன நாளா?" என்றாள்.

"என்னா எத்தன நாளா?"

"என்கிட்ட வேணாங்க. எத்தன நாளா?"

அவர் முகத்தை வழித்துக்கொண்டார். "போன தீவாளிக்கு முன்னாடி இருந்து. பனின்னுதான் நெனச்சேன் மீனா. நம்ம ஊருல எப்ப பனி இல்ல? ரொம்ப எறங்குது இந்த வருசம்னு நெனச்சேன். மாசியில நல்ல வெயிலு அடிச்சுச்சு பாரு, நீங்கெல்லாம் கம்பளி காய வச்சீங்க. அன்னைக்கும் எனக்குப் பனியாவே இருந்துச்சு. அப்பதான் தெரிஞ்சுச்சு."

"டிக்கோயா ஆஸ்பத்திரி பக்கத்துலதானே இருக்கு? நடந்து போற தூரம். போய்க் காட்டிருக்கக் கூடாதா?"

"காட்டுனா எழுதிக் குடுப்பாங்க. எழுதிக் குடுத்தா மாடிய விட்டு எறக்கிருவாங்க."

"அப்ப அந்த நாலாம் தொட்டி?"

ஆண்டியப்பன் பீலித் தண்ணீரில் கையை நீட்டிக் கழுவினார்.

"கேக்குறேன்ல. அந்த நாலாம் தொட்டி?"

"நான்தான் எறக்கச் சொன்னேன்."

மீனம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. குடையைத் தூக்கி அவர் மேல் எறிந்தாள். அது பீலித் தண்ணீரில் விழுந்து கவிழ்ந்தது. "பாவி மனுசா! லோஜினி வயித்தத் தூக்கிக்கிட்டுக் கொழுந்து எடுக்கப் போறா. என் தம்பி என் வீட்டுல வந்து மூணு நாளா ஒங்க பேச்சுக்குச் செவுத்தத் தேய்க்கிறான். நீங்க ஒக்காந்துக்கிட்டு இது ரெண்டு இல்ல, இது நாலு இல்லன்னு எங்களுக்குக் கலரு காட்டுறீங்க! நாளைக்கு நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். ஆபீசு வாசல்ல நின்னு தொண்ட கிழியச் சொல்லுவேன்."

அவர் குனிந்து குடையை எடுத்து, தண்ணீரை உதறி, அவள் தலைக்கு மேல் பிடித்தார். அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு விடுவிடுவென்று மேலே ஏறினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆபீசில் துரை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். சுதாகரன் ஒரு பக்கம், ஆண்டியப்பன் ஒரு பக்கம். மீனம்மாவுக்கு உள்ளே இடமில்லை. சன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலைக்குப் போகவில்லை, அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போனால் போகட்டும் என்றிருந்தாள்.

"ஆண்டியப்பன், நீ சொல்லு. மூணா, நாலா?"

"நாலுங்க தொர. நான்தான் எறக்கச் சொன்னேங்க. அவன் மேல தப்பு இல்லீங்க."

துரை பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் முந்தி பொய் சொன்ன?"

"கண்ணு தெரியலைங்க. பச்சை தெரியலைங்க. சொன்னா மாடிய விட்டு எறக்கிருவீங்கன்னு சொல்லலைங்க."

"எவ்வளவு நாள்?"

"எட்டு மாசம் இருக்குங்க."

"எட்டு மாசம்!" துரை நம்பவில்லை. "எட்டு மாசமா ஒரு தொட்டிகூடப் பிழையாப் போகல. அந்த ஒண்ணுதான் பிழையாப் போச்சு. பச்சை தெரியாம எப்படி எறக்கச் சொன்ன?"

ஆண்டியப்பன் சுதாகரன் பக்கம் தலையை ஆட்டினார்.

"இவன் மூஞ்சியப் பாத்துதாங்க. கொழுந்து பக்குவத்துக்கு வந்துட்டா இவனுக்குத் தெரிஞ்சிரும். புருவத்த இப்புடித் தூக்குவான். நான் எறக்குன்னு சொல்லட்டும்னு என்னையப் பாப்பான். அதப் பாத்துட்டு நான் எறக்குன்னு சொல்லுவேன்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கு அவனுக்குக் காச்சல்ங்க. தொப்பியப் போட்டு, மப்ளரச் சுத்தி, கண்ணு மட்டும் வெளிய தெரிய நின்னான். எனக்கு ஒண்ணும் தெரியல. கையில புடிச்சுப் பாத்தேன், கொழுந்து மெத்துன்னு இருந்துச்சு. மழக் கொழுந்து ஏமாத்திருச்சுங்க."

மீனம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் பிடிபட்டது. திங்கட்கிழமை காட்டிய நாலு, மகள் முகம். செவ்வாய்க்கிழமை காட்டிய இரண்டு, தன் முகம். தனுஷிகா வாடினால் அந்த நிறம் இல்லை, பெருமூச்சு விட்டால் அந்த நிறம் இல்லை. நேற்று ஒருவன் முதுகைக் காட்டி நின்றான், ஒருத்தி முகத்தை மூடி நின்றாள். மனுசன் என்ன செய்வார். சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கோபம் மட்டும் போகவில்லை.

துரை எழுதிக்கொடுத்தார். சுதாகரன் திங்கட்கிழமை வேலைக்கு வரட்டும். ஆண்டியப்பன் கண் டாக்டரிடம் காட்டித் துண்டுச் சீட்டு கொண்டுவரும்வரை தேயிலை பொதி பண்ணும் பக்கம் நிற்கட்டும். மாடிக்கு ஏறக் கூடாது. அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

லயத்துக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் மூன்று பேரும் நடந்தார்கள். வேலை திரும்பக் கிடைத்த சந்தோஷம் சுதாகரன் முகத்தில் இல்லை. வேலியோரம் நின்றுவிட்டான்.

"ஏன் மச்சான், எட்டு மாசமா பக்கத்துலயே நிக்கிறேன். 'வாடிருச்சா மாப்ள'ன்னு ஒரு வார்த்த கேட்டா சொல்ல மாட்டேனா? நான் யாருகிட்டயாவது போய்ச் சொல்லப் போறேனா?"

"ஒன்னைய நம்பாம இல்ல மாப்ள. இருவத்தெட்டு வருசமா என்கிட்டதான் கேப்பாங்க. நான் யாருகிட்டயும் கேட்டது இல்ல. வாய் வரல."

"வாய் வரலைன்னா என் வேலையா போகணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் முன்னால் போனான்.

வீட்டில் தனுஷிகா ஐந்து கோப்பையையும் வரிசையாக வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். நாளை ஒரு நாள்தான். எதையாவது அடித்துக் காய வைக்க வேண்டும். அவளுக்கே இப்போது எதுவும் பிடிபடவில்லை. பார்த்துப் பார்த்து எல்லாம் ஒன்றாகிவிட்டதாம். சுதாகரன் பிரஷ்ஷைக் கழுவினான். ஆண்டியப்பன் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

வழக்கம்போல மூன்று பேருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாப்ள" என்றார். "இதுல எது நல்லாருக்கு?"

சுதாகரன் பிரஷ்ஷை உதறினான். கட்டங்களுக்குப் பக்கத்தில் போய், கையை நிழலுக்குப் பிடித்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை நிதானமாகப் பார்த்தான்.

"மூணு, மச்சான். பச்சையும் இருக்கு, சாம்பலும் இருக்கு. மூஞ்சிக்கு எடுப்பா இருக்கும்."

"சரி, மூணு" என்றார் ஆண்டியப்பன். சுவரைப் பார்க்கவே இல்லை.

மீனம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "இந்த ஒத்த வார்த்தய அன்னைக்கு மாடியில கேட்டிருந்தா என் தம்பிக்கு அரை மாசப் பேரு போயிருக்காதுங்க. லோஜினி அழுதிருக்க மாட்டா. நான் ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கெடந்து செத்திருக்க மாட்டேன். ஒத்த வார்த்த!" என்றவள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

ஆண்டியப்பன் அவள் இருந்த பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் மூடியிருந்தது. அவளுக்குக் கோபம் தீர்ந்ததா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"மீனா, இன்னும் கோவமா?" என்று கேட்டார்.